கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) வேலை செய்த காலத்துக்கு இப்போதே எப்படி ஆதாரம் சேர்ப்பது?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். 1998 முதல் 2013 வரை ஒரு ஒப்பந்தக்காரரிடம் முதலில் ஹெல்பர், பிறகு ஃபிட்டர். மாங்காய் சீசன் முடிந்ததும் கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத்து மாங்கூழ் ஆலைகளில் பாய்லர் பராமரிப்பு, குழாய் இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் மாற்றுவது, மற்ற மாதங்களில் ஓசூர் சிப்காட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஷீட் கழற்றி மாட்டும் வேலை. இப்போது வயது 47, உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் கூடவே வேலை பார்த்த அண்ணன் ஒருவர் போன வருடம் நுரையீரல் நோயில் இறந்துவிட்டார். "எனக்கும் பின்னாடி ஏதாவது வந்தால் நஷ்டஈடு கேட்க, இப்பவே என்ன ஸ்கேன் எடுத்து வைக்கணும்?" என்பது கேள்வி. தன் வேலைத்துணியைத் துவைத்த மனைவியைப் பற்றியும் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறார்.

ஸ்கேன் பற்றிக் கேட்டாலும் உங்கள் கேள்வி உண்மையில் வேறு. இருபது வருடம் கழித்து, உங்களை முன்பின் பார்த்திராத ஓர் அதிகாரி மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார். நீங்கள் அந்தத் தூசிக்குள் நின்றீர்கள் என்பதை அவரை எப்படி நம்ப வைப்பது? இதுதான் கேள்வி. ஸ்கேன் உடம்பைக் காட்டும், நீங்கள் பார்த்த வேலையைக் காட்டாது. இதுவரை நான் பார்த்த கோரிக்கைகள் பெரும்பாலும் நோயை நிரூபிக்க முடியாமல் தோற்கவில்லை, வேலையை நிரூபிக்க முடியாமல்தான் தோற்றன.

நான் தொழில்சார் சுகாதாரத்தில் தனிப் பயிற்சி பெற்ற மருத்துவர். ஓசூர்ப் பக்கம் 24 வருடம் தொழிற்சாலை மருத்துவராக இருந்தேன், சில வழக்குகளில் மருத்துவச் சாட்சியாகவும் போயிருக்கிறேன். வழக்கறிஞர் அல்ல. ஆகவே உடம்பு, பதிவேடு பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். சட்டம் பற்றிச் சொல்வதை வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் மூச்சு வாங்குகிறது என்று ஒருவர் வந்தார். சீட்டில் பெயர், வயது, அடுத்து தொழில். "கூலி" என்று எழுதினேன். அவர் ஷீட் அறுக்கிற வேலை செய்தவர். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், நான் கேட்கவில்லை. அவர் இறந்த பிறகு குடும்பம் கோரிக்கை போட்டபோது அவர்கள் கையில் இருந்த மிகப் பழைய மருத்துவக் காகிதம் அந்தச் சீட்டுதான். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, "நோயாளியே கூலி என்றுதானே சொல்லியிருக்கிறார், கல்நார் எங்கே வந்தது?" என்று கேட்டார். என் கையெழுத்து. அன்றிலிருந்து தொழில் என்ற இடத்தில் ஒற்றைச் சொல் எழுதுவதை விட்டுவிட்டேன். நீங்கள் எந்த மருத்துவமனைக்குப் போனாலும், காய்ச்சலுக்கே போனாலும், "1998-லிருந்து 2013 வரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், கேஸ்கட் வேலை செய்தவர்" என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கோரிக்கை என்ற எண்ணமே எழாத காலத்தில், நோய் வருவதற்கு முன்பே, ஓர் அரசு மருத்துவர் தேதி போட்டு எழுதிய வரிக்கு உள்ள எடை பின்னால் எழுதும் பத்துப் பக்க மனுவுக்குக் கிடையாது.

இப்போது உடம்பு. கல்நார் தூசியால் நுரையீரலில் தழும்பு விழும் நோய்க்கு ஆஸ்பெஸ்டோசிஸ் என்று பெயர். பொதுவாக, தூசி படத் தொடங்கிப் பதினைந்து இருபது வருடம் கழித்தே அது வெளியே தெரியும். நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய்க்கு 20 முதல் 50 வருடம் வரைகூட ஆகலாம். நுரையீரல் புற்றுநோயும் வரும். பீடி, சிகரெட் பிடிப்பவருக்கு அந்த ஆபத்து பல மடங்கு கூடும். ஆகவே 1998-ல் தொடங்கிய உங்களுக்கு இன்று எக்ஸ்ரே எடுத்து அது சுத்தமாக இருந்தால் நல்ல செய்தி, முடிவான செய்தி அல்ல. அதே நேரம், தூசி பட்ட எல்லோருக்கும் நோய் வருவதில்லை. உங்கள் அண்ணனுக்கு வந்ததும் கல்நாரால் வந்ததுதானா என்பது அவருடைய ரிப்போர்ட்டுகளைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. அவர் வீட்டில் அந்த ஃபைல் இருந்தால் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். பயாப்ஸி எடுத்திருந்தால், எடுத்த திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியும் ஸ்லைடும் ஆய்வகத்தில் இருக்கும். அதை எழுதிக் கேட்டு வாங்கி வைக்கலாம். சில வருடம் கழித்து ஆய்வகங்கள் அவற்றைத் தூக்கிப் போட்டுவிடும், போனால் திரும்ப வராது.

கல்நார் உடம்பில் இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை கிடையாது. இன்னொரு சங்கடமும் உண்டு. நம் ஊர் ஷீட்டுகளில் இருப்பது கிரைசோடைல் என்ற வெள்ளைக் கல்நார். அதன் இழைகள் நுரையீரலில் நெடுங்காலம் அப்படியே தங்குவதில்லை, உடைந்து கரைகின்றன, ஆனால் செய்த சேதம் நிற்கிறது. அதனால் பிற்காலத்தில் திசுவை எடுத்து இழைகளை எண்ணினாலும் "குறைவு" என்றுதான் வரக்கூடும். எதிர்த்தரப்பு இதைத்தான் பிடித்துக்கொள்ளும். வெள்ளைக் கல்நார் பாதுகாப்பானது என்றும் வாதாடுவார்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகைக் கல்நாரையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்றே வகைப்படுத்தியிருக்கிறது. இந்தக் காரணங்களால்தான் கல்நார் நோயைத் தீர்மானிக்கும்போது நாங்கள் முதலில் கேட்பது ஸ்கேனை அல்ல, நோயாளி என்னென்ன வேலை பார்த்தார் என்ற வரலாற்றை.

ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். வருடத்தை வைத்து யோசித்தால் ஞாபகம் வராது. மகள் பிறந்த வருடம், தேர்தல், எந்த மாங்காய் சீசனுக்குப் பிறகு எந்த ஆலை என்று பிடித்துப் போனால் வந்துவிடும். ஒவ்வொரு இடத்துக்கும் ஆலையின் பெயர், ஒப்பந்தக்காரர் பெயர், மேஸ்திரி பெயர், கூட இருந்தவர்கள், எத்தனை நாள் என்று எழுதுங்கள். அதன் பிறகுதான் முக்கியமானது வருகிறது: கை என்ன செய்தது? "பாய்லர் வேலை" என்று எழுதினால் ஒன்றுமில்லை. நீங்கள் கேள்வியில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள்: பழைய கேஸ்கட் ஃபிளாஞ்சோடு (குழாய்களை இணைக்கும் விளிம்போடு) ஒட்டிக்கொண்டிருக்கும், உளியால் சுரண்டி, வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, வாயால் ஊதிவிட்டுத்தான் புதுசு வைப்போம் என்று. அந்த ஊதிவிட்ட தூசிதான் வழக்கு. ஒரு நாளைக்கு எத்தனை ஃபிளாஞ்ச், புது கேஸ்கட்டை சிஏஎஃப் என்கிற அழுத்திய கல்நார் ஷீட்டிலிருந்து நீங்களே வெட்டினீர்களா, வெட்டிய இடம் மூடிய அறையா வெளியா, கூரை ஷீட்டை ஆக்ஸா பிளேடால் அறுத்தீர்களா கட்டிங் மெஷினாலா, தண்ணீர் தெளித்தார்களா, முகத்தில் மாஸ்க் கட்டினீர்களா துண்டா, அதை யார் கொடுத்தார்கள் என்பதெல்லாம் எழுதப்பட வேண்டும். கட்டிங் மெஷினில் காய்ந்த ஷீட்டை அறுப்பதற்கும், ஜே போல்ட்டைக் கழற்றி ஷீட்டை முழுசாக இறக்குவதற்கும் தூசியில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

எழுதும்போது ஒன்றைக் காப்பாற்றுங்கள்: கண்டதை மட்டும் எழுதுங்கள். பாய்லர் குழாய் மேல் சுற்றியிருந்த பஞ்செல்லாம் கல்நார் அல்ல. மஞ்சளாக இருந்து தோலில் பட்டால் அரித்தது என்றால் அது பெரும்பாலும் கிளாஸ் வுல் என்ற கண்ணாடி இழைப் பஞ்சு. அடுப்புக் கதவில் வைத்த வெள்ளைக் கயிறு கல்நார் கயிறாக இருந்திருக்கலாம், வேறாகவும் இருந்திருக்கலாம். அங்கே "கல்நார்" என்று எழுதாமல் "வெள்ளைக் கயிறு, நாங்கள் ஆஸ்பெஸ்டாஸ் ரோப் என்று சொல்வோம், கட்டு மேல் இன்ன கம்பெனி பெயர்" என்று எழுதுங்கள். நிச்சயமானதையும் யூகத்தையும் வேறு வேறு மையில் எழுதினாலும் சரி. குறுக்கு விசாரணையில் ஒரு மிகைப்படுத்தல் அகப்பட்டால் மற்ற முப்பத்தொன்பது பக்கமும் அடிபடும்.

நோட்டு உங்கள் வாய்ச்சொல். அதைத் தாங்க வெளிச்சான்று வேண்டும். பிஎஃப் பிடித்திருந்தால் உமாங் செயலியில் உங்கள் யுஏஎன் எண்ணை வைத்து, எந்த முதலாளியிடம் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்ற பணி விவரத்தை எடுத்து அச்சிடுங்கள். 2014-க்கு முந்தைய கணக்கு அதில் சேராமல் இருந்தால் பழைய பிஎஃப் எண்ணோடு அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். ஈஎஸ்ஐ அட்டை எண், கட்டுமானத் தொழிலாளர் நலவாரியப் புத்தகம், கேட் பாஸ், சம்பளம் ஏறிய வங்கிப் புத்தகம், மேஸ்திரியின் ஆள் வருகை நோட்டு எல்லாம் உதவும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு இவற்றில் பாதிகூட இருக்காது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ஆயுதபூஜைப் போட்டோவைத் தேடச் சொல்கிறேன். கம்பெனியில் மெஷினுக்கு மாலை போட்டு, பொரி கடலை வைத்து, எல்லோரும் வரிசையாக நின்று எடுத்த படம் யாராவது ஒருவர் வீட்டுப் பீரோவில் இருக்கும். நான் சாட்சி சொன்ன ஒரு வழக்கில், அப்படி ஒரு படத்தில் ஆட்களுக்குப் பின்னால் பிரித்துப் போட்ட ஷீட் அடுக்கும் சுவரில் ஆலையின் பெயரும் தெரிந்தன. படத்தின் மூலையில் தேதி அச்சாகியிருந்தது. அந்த ஆலையில் அவர்கள் வேலையே செய்யவில்லை என்ற எதிர்த்தரப்பு வாதம் அங்கேயே நின்றுபோனது.

பொருளுக்கும் சான்று வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் கூரை ஷீட்டுக்கான இந்தியத் தரக் குறியீடு ஐஎஸ் 459. ஐஎஸ்ஐ முத்திரையோடு இந்த எண்ணும் கம்பெனிப் பெயரும் ஷீட்டில் அச்சாகியிருக்கும். நீங்கள் மாட்டிய கூரை இன்னும் இருந்தால், உள்ளே போக முடியாவிட்டாலும் வெளியிலிருந்தாவது படம் எடுங்கள். கழித்துப் போட்ட துண்டு கிடந்தால் அந்த முத்திரையைப் படம் எடுங்கள். துண்டை உடைத்து மாதிரி எடுத்து வீட்டில் வைக்காதீர்கள், மறுபடியும் தூசிதான். படத்தை எடுத்த போனிலேயே மூலக் கோப்பாக வைத்திருங்கள், ஒரு நகலைக் கணினியிலும் போட்டு வையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த தேதி, இடம் போன்ற விவரங்கள் போய்விடும். மின்னணுச் சான்றுக்கு நீதிமன்றம் தனிச் சான்றிதழ் கேட்கும், அதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். மூலக் கோப்பைக் காப்பது மட்டும் உங்கள் வேலை.

பாய்லருக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது, பலருக்கும் தோன்றுவதில்லை. ஒவ்வொரு பாய்லருக்கும் பதிவு எண் உண்டு, அது பாய்லர் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அரசின் கொதிகலன் துறை அதைத் திறந்து சோதித்துச் சான்றிதழ் கொடுத்தால்தான் தொடர்ந்து ஓட்டலாம். மாங்கூழ் ஆலையில் அந்தத் திறப்பு வேலை சீசன் இல்லாத மாதங்களில்தானே நடக்கும், நீங்கள் போனதும் அப்போதுதானே. அந்தச் சோதனைத் தேதிகள் அரசுப் பதிவில் இருப்பவை. பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு உண்டு. அதேபோல் ஓசூரில் உள்ள தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை அலுவலகத்தில் அந்த ஆலை எந்தக் காலத்தில் உரிமம் பெற்று இயங்கியது, கூரை எதுவென்று வரைபடத்தில் காட்டியிருக்கிறார்கள் என்று கேட்கலாம். தனியார் கம்பெனியின் ரகசியம் என்று சிலவற்றை மறுப்பார்கள். மறுப்புக் கடிதத்தையும் ஃபைலில் வையுங்கள்.

கூட வேலை செய்தவர்களில் உயிரோடு இருப்பவர்களை இந்த மாதமே பாருங்கள். தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் பாதிப்பேர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போயிருப்பார்கள், போன் எண் மாறியிருக்கும். ஒருவருக்கொருவர் நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக்கொள்ளலாம். இதன் எடையைப் பற்றி உங்களுக்குப் பொய் நம்பிக்கை தர மாட்டேன். பத்திரம் எழுதியவர் நேரில் வந்து குறுக்கு விசாரணைக்கு நின்றால்தான் அது முழுதாக நிற்கும். ஆனால் இருபது வருடம் கழித்து ஆளே இல்லாதபோது ஒன்றுமில்லாததைவிட அது மேல், அவருக்கே ஞாபகம் தப்பினாலும் அது கைகொடுக்கும்.

ஸ்கேனுக்கு வருகிறேன். இப்போது ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயும், ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியும் அடிப்படைப் பதிவாக எடுங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நெஞ்சகப் பிரிவில் முடியும். பிறகு மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை போதும். அறிகுறியே இல்லாமல் வருடா வருடம் சிடி ஸ்கேன் எடுப்பது தேவையற்ற கதிர்வீச்சு, தேவையற்ற செலவு. எக்ஸ்ரே ஃபிலிமோடு கணினித் தட்டில் (டிஸ்க்) பதிவையும் கேட்டு வாங்குங்கள், ஃபிலிம் ஒட்டிக்கொண்டு கெட்டுப்போகும். எதிர்காலத்தில் யாராவது டிபி என்று சொல்லி மருந்து ஆரம்பித்தால், சளிப் பரிசோதனையில் கிருமி தெரிந்ததா என்று கேட்டு அந்த ரிப்போர்ட்டையும் வாங்கி வையுங்கள். தூசி நோயை டிபி என்று நினைத்து மாதக்கணக்கில் வைத்தியம் பார்த்த ஆட்கள் நம் மாவட்டத்தில் கிரானைட் குவாரி வேலை செய்தவர்களிலும் உண்டு. சந்தேகம் வலுத்தால் பெங்களூரில் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது, அங்கே பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்.

சட்டத்தில் உறுதியானது இது. 1923-ம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் ஆஸ்பெஸ்டோசிசும், கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோயும் மீசோதீலியோமாவும் தொழில்நோய்களாக இருந்தன. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறினாலும் நோய்ப் பட்டியல் அதிலும் தொடர்கிறது. பல முதலாளிகளிடம் வேலை செய்திருந்தால் பொறுப்பைப் பங்கிட இடமுண்டு. ஒப்பந்தக்காரர் ஓடிப்போனாலும், வேலை அந்த ஆலையின் வழக்கமான தொழிலைச் சேர்ந்தது என்றால் ஆலையிடமே கேட்கலாம். ஈஎஸ்ஐயில் இருந்த காலத்துக்கான கோரிக்கை முதலாளியிடம் அல்ல, ஈஎஸ்ஐ கழகத்திடம். நோய் வராமல் எதுவும் கேட்க முடியாது என்பதும் உறுதி. தூசி பட்டதற்கு மட்டும் நஷ்டஈடு இல்லை.

சந்தேகமானவையும் இருக்கின்றன. கூரை மாற்றுவது அந்த ஆலையின் "வழக்கமான தொழிலா" என்று தகராறு வரும், பாய்லர் பராமரிப்புக்கு வாதம் இன்னும் வலுவாக இருக்கும். 1995-ல் உச்ச நீதிமன்றம் கல்நார் தொழிலாளர் வழக்கில், ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வேலை தொடங்கியதிலிருந்து 40 வருடம் அல்லது வேலை நின்றதிலிருந்து 15 வருடம், இதில் எது பிந்தையதோ அதுவரை வைத்திருக்க உத்தரவிட்டது. உங்கள் கணக்கில் அது 2038. ஆனால் அந்த உத்தரவு கல்நார்த் தொழிற்சாலைகளைக் குறித்து வந்தது, மாங்கூழ் ஆலை தன்னை அது கட்டுப்படுத்தாது என்று சொல்லும். ஆனாலும் உங்கள் பதிவைக் கேட்டு எழுதி, ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். அவர்கள் பதில் தராவிட்டாலும் நீங்கள் கேட்டதற்குச் சான்று இருக்கும். எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது காலக்கெடு. கோரிக்கைக்குப் பொதுவாக இரண்டு வருடம். வேலையை விட்ட பிறகு வரும் நோய்க்கும், விட்ட இரண்டு வருடத்துக்குள் அறிகுறி தெரிந்தால் என்றுதான் பழைய சட்டம் பேசியது. முப்பது வருடம் பதுங்கும் நோய்க்கு அது பொருந்தாத சட்டை. போதிய காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் கோரிக்கையை விசாரிக்கும் அதிகாரிக்கு உண்டு என்றாலும், இதுதான் உங்கள் பக்கத்தில் பலவீனமான இடம். இதை மட்டும் கேட்பதற்காகவே மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். தொழிற்சாலைத் தொழிலாளிக்கு அங்கே இலவச உதவி சட்டப்படி உரிமை, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். என்றைக்காவது ஒரு மருத்துவர் "இது கல்நாரால் இருக்கலாம்" என்று வாயைத் திறந்தால், அந்தத் தேதியை எழுதி வாங்குங்கள், அந்த வாரமே முதலாளிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கெடுவைப் பற்றிய வாதம் எல்லாம் அந்தத் தேதியைச் சுற்றித்தான் நடக்கும்.

உங்கள் மனைவியைப் பற்றி. வேலைத்துணியை உதறித் துவைத்த பெண்களுக்கு மீசோதீலியோமா வந்திருப்பது மருத்துவத்தில் சந்தேகமில்லாமல் பதிவான விஷயம். ஆபத்து உங்களைவிடக் குறைவு, இல்லாமல் இல்லை. தொழிலாளர் இழப்பீட்டில் அவருக்கு இடம் கிடையாது, அவர் அந்த ஆலையின் தொழிலாளி அல்ல. ஆனால் நோட்டில் அவருக்கும் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள்: எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, வாரத்துக்கு எத்தனை முறை, துணியை வாசலில் உதறினாரா வீட்டுக்குள்ளா, கைக்குழந்தை பக்கத்தில் இருந்ததா. அவரே சொல்லச் சொல்ல எழுதுங்கள். அடுத்த தடவை அவர் மருத்துவமனைக்குப் போகும்போது, தொழில் என்ற இடத்தில் "இல்லத்தரசி" என்று எழுதி முடித்துவிடாமல், கீழே இந்த ஒரு வரியையும் சேர்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.